பதினைந்து நிமிடத்தில் ஒரு கட்டுரை: பிள்ளைகளைப் பழக்கும் முறை

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு 3 மணி நேரம், 100 மதிப்பெண். வகுத்துப் பார்த்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம்கூடத் தேறாது. 8 மதிப்பெண் கட்டுரைக்கு 14 நிமிடத்துக்குச் சற்று மேல், படத்தைப் பார்த்து எழுதும் 5 மதிப்பெண் காட்சி வினாவுக்கு 9 நிமிடம். ஒரு மதிப்பெண் வினாக்களை விரைவாக முடிக்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். வகுப்பில் பழக்க 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்: 3 நிமிடம் குறிப்பு, 10 நிமிடம் எழுத்து, 2 நிமிடம் திருத்தம்.

"நேரம் பத்தலை சார்" என்று பிள்ளை சொன்னால் கை மெதுவாக ஓடுகிறது என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. என்ன எழுதுவது என்று முடிவாகாமலே பேனா தாளில் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். எனவே முடிவெடுப்பதைத் தனியாகவும் எழுதுவதைத் தனியாகவும் பழக்கிவிட்டு, பிறகு இரண்டையும் சேர்க்க வேண்டும்.

எங்கே சிக்குகிறது என்று முதலில் பாருங்கள்

ஒரு தலைப்புக் கொடுத்து 15 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். 5ஆவது நிமிடத்திலும் 10ஆவது நிமிடத்திலும் மேசையை ஒரு தட்டுத் தட்டுங்கள். தட்டியதும் பிள்ளைகள், எழுதிக்கொண்டிருக்கும் வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வேறு எதுவும் பேசாதீர்கள். "இன்னும் நாலு நிமிஷம், சீக்கிரம் சீக்கிரம்" என்று நிமிடத்துக்கொரு தரம் குரல் கொடுப்பது எழுதுகிற கையைப் பதற வைக்கும், வேறு பயனில்லை.

தாள்கள் வந்ததும் புள்ளிகளைப் பாருங்கள். முதல் புள்ளிக்கு மேலே மூன்று வரிதான் இருக்கிறது என்றால் அந்தப் பிள்ளை முன்னுரையோடு மல்லுக்கட்டியிருக்கிறது. தொடக்கத்தில் வேகமாகப் போய் இரண்டாம் புள்ளிக்குக் கீழே வரிகள் மெலிந்தால், சொல்வதற்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. மூன்று பகுதியும் ஒரே சீராகக் குறைவாக இருந்தால் மட்டுமே கை மெதுவு. அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தினமும் 5 நிமிடம் பார்த்தெழுதும் பயிற்சி போதும். உட்தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி இரண்டு கோடு போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒரு கட்டுரைக்கு ஒன்றிரண்டு நிமிடம் அதிலேயே கரைந்துவிடும்.

சொற்களை எண்ணச் சொல்லாதீர்கள், வரிகளை எண்ணச் சொல்லுங்கள். "எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக" என்பதும் ஒரு சொல், "நீர்" என்பதும் ஒரு சொல். நிமிடத்துக்கு இரண்டரை வரி எழுதுகிற பிள்ளைக்கு 10 நிமிடத்தில் 25 வரி கிடைக்கும். தன் கணக்கு எத்தனை வரி என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று நிமிடக் குறிப்பு

முதல் வாரம் கட்டுரையே வேண்டாம். ஒரு பாடவேளையில் ஐந்து தலைப்பு, தலைப்புக்கு 3 நிமிடம், குறிப்பு மட்டும். வினாவிலேயே முன்னுரை முதல் முடிவுரை வரை குறிப்புச்சட்டம் கொடுத்திருப்பார்கள். அதை அப்படியே உட்தலைப்பாக இறக்கிவிட்டுப் பிறகு யோசிப்பதுதான் வழக்கமான தவறு. ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே கண்ணால் பார்த்த ஒரு பொருளோ செயலோ வர வேண்டும்.

'நீர்நிலைகளைக் காப்போம்' என்ற தலைப்புக்குக் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளையின் குறிப்பு இப்படி இருக்கலாம்:

தேவை – நாற்று, மாடு, குடம்
நீர்நிலை – கண்மாய், ஊருணி
பாழாவது – வரத்துக்கால் (நீர் வரும் வாய்க்கால்) அடைப்பு, சீமைக்கருவேல், பாலிதீன்
வழி – சித்திரையில் தூர், புரட்டாசிக்குள் வரத்துக்கால்

நோட்ஸில் "ஏரி, குளம்" என்று இருக்கும். நம் பிள்ளைக்குத் தெரிந்தது கண்மாயும், மிகுந்த நீர் வழியும் கலுங்கும், மடையும். தெரிந்த சொல்லை எழுதும்போது கை நிற்காது. மடை எப்படித் திறக்கும் என்று பார்த்த பிள்ளைக்கு அதைப் பற்றி நான்கு வரி எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் குறிப்பைத் தேர்வில் அதே பக்கத்தின் அடியில் எழுதி, முடிந்ததும் ஒற்றைக் கோட்டால் அடித்துவிடலாம். எந்த வினாவைத் தேர்ந்தெடுப்பது என்பதை வினாத்தாள் படிக்கத் தருகிற 10 நிமிடத்திலேயே முடிவுசெய்துவிடச் சொல்லுங்கள்.

முன்னுரை

மனப்பாட முன்னுரைதான் பெரிய எதிரி. தண்ணீர் என்றாலும் மரம் என்றாலும் ஒரு குறள், அடுத்து "இன்றைய அறிவியல் உலகில்" என்று ஒரு வாக்கியம். நான்கு வரி ஓடிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதிலிருந்து தலைப்புக்குப் பாலம் கிடைக்காமல் பிள்ளை அங்கேயே உட்கார்ந்துவிடும். மேலே உள்ள குறிப்பிலிருந்து ஒன்றை எடுத்து இப்படித் தொடங்கச் சொல்லிப் பாருங்கள்:

"ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாளும் எங்கள் ஊருணியில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை. வரத்துக்கால் ஓடிய இடத்தில் இப்போது குப்பைமேடு இருக்கிறது."

இரண்டே வாக்கியம். நீரின் தேவைக்கும் இங்கிருந்து போகலாம், பாழாகும் காரணத்துக்கும் போகலாம். இரண்டாம் வாரம் முழுக்கக் குறிப்பும் இந்த முதல் இரண்டு வாக்கியமும் மட்டும் போதும்.

மூன்றாம் வாரம் முழுக் கட்டுரை, 20 நிமிடம். நான்காம் வாரம் 17. ஐந்தாம் வாரம் 15. கிணற்றில் தள்ளிவிட்டால் நீந்திவிடுவான் என்ற கணக்கு இங்கே செல்லாது. முதல் நாளே 15 நிமிடம் வைத்தால் அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்துபோவதுதான் பழகும்.

மனப்பாடம் அடியோடு கூடாது என்பதில்லை. பாடம் பண்ண வேண்டியது சான்றுகளை. அழகப்பர் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியது 1947, அதே ஊரில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியது 1939, கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019. கல்வி, தமிழ், கைத்தொழில் என்று எந்தத் தலைப்பு வந்தாலும் இப்படிப்பட்ட ஐந்தாறில் ஒன்று பொருந்தும். பொருந்தாத இடத்தில் திணிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் சுற்றுச்சூழல் கட்டுரையில் அழகப்பர் வந்து நிற்பார்.

காட்சி வினா

'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்றதும் "இப்படம் மிக அழகாக உள்ளது" என்று தொடங்கும் தாள்கள் ஏராளம். படத்தில் கை என்ன செய்கிறது என்று கேளுங்கள். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் படம் ஒன்றைக் காட்டி, வினைச்சொல் மட்டும் எழுதச் சொல்லலாம்: கண்ணாடித் தட்டில் அச்சை வைக்கிறார், வண்ணக் கலவையை ஊற்றுகிறார், அச்சை எடுக்கிறார், உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவுகிறார், மேலே சிமெண்டைப் பூசி மட்டம் செய்கிறார். ஐந்து வினை கிடைத்தால் உரைநடைக்கு எட்டு வரி, கவிதை என்றால் ஐந்தடி. அடுத்த நாள் சிறாவயல் மஞ்சுவிரட்டுப் படத்தைக் கொடுங்கள், வினைச்சொல்லுக்குப் பஞ்சமே இருக்காது.

கடைசி 2 நிமிடம்

முழுவதையும் திரும்பப் படிக்க நேரம் இருக்காது. மூன்றை மட்டும் தேடச் சொல்லுங்கள். முதலாவது, அவசரத்தில் பேச்சு வழக்கு புகுந்துவிடும்: "அவுக வந்தாக", "தண்ணி எடுத்தாக". இரண்டாவது, எழுவாயும் பயனிலையும்: "மரங்கள் வெட்டப்பட்டது" என்றிருக்கும். மூன்றாவது, ஐ, கு உருபுகளுக்குப் பின் வல்லொற்று: நீரைச் சேமிப்போம், ஊருக்குத் தேவை. ல, ள, ழ குழப்பம் இரண்டு நிமிடத்தில் தீராது. அதற்கு வேறு நாள் ஒதுக்குங்கள்.

திருத்தும்போது ஒரு தாளுக்கு ஒரே ஒரு குறையை மட்டும் சொல்லுங்கள். சிவப்பு மையால் தாள் முழுக்க வட்டமிட்டுக் கொடுத்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடும். அடுத்த கட்டுரையில் அந்த ஒரு குறை போயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இரண்டாவது குறை.

12ஆவது நிமிடத்தில் இன்னும் இரண்டு குறிப்பு பாக்கி என்றால்? ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியம் எழுதிவிட்டு முடிவுரைக்குப் போய்விட வேண்டும். அரை வாக்கியத்தோடு நிற்கும் கட்டுரையைவிட அது மேல். இதையும் ஒருநாள் பழக்கிப் பாருங்கள்: முன்னறிவிப்பு இல்லாமல் 12ஆவது நிமிடத்தில் "மூணே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, யார் முடிவுரைக்குத் தாவுகிறார்கள் என்று கவனியுங்கள்.