கிளவுட்ஃபிரன்ட்டில் உங்கள் தளம்: கேஷ் நேரம்தான் முக்கியம்

சர்வர் வர்ஜீனியாவில், படிப்பவர் சென்னையில் என்றால் இடையே 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளியிழைக்குள் ஒளியே வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வரவே 130 மில்லிவினாடி ஆகிவிடும். எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இது குறையாது. தளத்தின் நகலை (இதுதான் கேஷ்), படிப்பவருக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழி. அதைச் செய்வது சிடிஎன், அதாவது பல ஊர்களில் நகல் வைத்திருக்கும் சர்வர்களின் வலையமைப்பு. அமேசானின் சிடிஎன்னான கிளவுட்ஃபிரன்ட்டில் செய்து பார்ப்போம்.

படி 1: அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் ஒரு பக்கெட் (கோப்புகளுக்கான இடம்) உருவாக்கிக் கோப்புகளை ஏற்றுங்கள். பொது அணுகலைத் தடுக்கும் ‘பிளாக் பப்ளிக் அக்சஸ்’ அப்படியே இருக்கட்டும்; அணைக்கத் தேவையில்லை.

படி 2: கிளவுட்ஃபிரன்ட்டில் புதிய டிஸ்ட்ரிபியூஷன் (உங்கள் தளத்துக்கான அமைப்பு) தொடங்கி, அந்த பக்கெட்டை ஆரிஜினாக (மூலக் கோப்புகள் இருக்கும் இடமாக) கொடுங்கள். ஆரிஜின் அக்சஸ் கன்ட்ரோல் வழியாக, பக்கெட்டைப் படிக்க இந்த டிஸ்ட்ரிபியூஷனுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். டீஃபால்ட் ரூட் ஆப்ஜெக்ட்டில் முகப்புக் கோப்பின் பெயரை எழுதுங்கள். சொந்த டொமைன் என்றால் அதன் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் அமேசானின் வடக்கு வர்ஜீனியா ரீஜனில் இருக்க வேண்டும். மும்பையில் எடுத்தது பட்டியலில் வராது.

படி 3: பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் ‘டிஸேபிள் கேஷ்’ போட்டுப் பக்கத்தைத் திறங்கள். பதிலின் ஹெடர்களில் ‘எக்ஸ்-கேஷ்’ வரியைப் பாருங்கள்: முதலில் ‘மிஸ்’ (நகல் இல்லை), மறுபடி திறந்தால் ‘ஹிட்’ (நகலிலிருந்து வந்தது). சரி, வேலை செய்கிறது.

படி 4: இனிமேல்தான் நிதானம் வேண்டும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் நகல் 24 மணி நேரம் வரை எட்ஜில் (வாசகருக்குப் பக்கத்திலுள்ள சிடிஎன் சர்வரில்) கிடக்கும். கட்டுரையைத் திருத்தினாலும் வாசகருக்குப் பழையதே போகும். ‘இன்வேலிடேஷன்’ கொடுத்து நீக்கலாம். ஆனால் அது எட்ஜில் இருப்பதைத்தான் நீக்கும், வாசகரின் பிரவுசரில் தங்கியதைத் தொடாது! அதனால் எச்டிஎம்எல் பக்கங்களுக்கு ‘கேஷ்-கன்ட்ரோல்’ ஹெடரில் மேக்ஸ்-ஏஜை (நகலை வைத்திருக்கும் நேரத்தை) 60 வினாடி போல வையுங்கள். படம், சிஎஸ்எஸ் கோப்புகளின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துவிட்டு, தாராளமாக ஒரு வருடம், அதாவது 31536000 வினாடி கொடுங்கள். மாற்றினால் பெயரும் மாறும். எதையும் நீக்க வேண்டியதில்லை.

அப்புறம், படி 3-இல் பார்த்த அதே ஹெடர்களில் ‘பாப்’ என்று முடியும் வரியைப் பாருங்கள். ‘எம்ஏஏ’ என்று தொடங்கினால் பதில் சென்னையிலிருந்து வந்தது. சென்னையில் உட்கார்ந்து வேறு ஊரின் குறியீட்டைப் பார்த்தால் குழம்பாதீர்கள். டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்வது டிஎன்எஸ். கிளவுட்ஃபிரன்ட்டின் டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்பது நீங்கள் அல்ல, உங்கள் சார்பில் கேட்கும் டிஎன்எஸ் ரிசால்வர். அது தொலைவில் இருந்தால் எட்ஜும் தொலைவில் அமையலாம். இதற்காக, ரிசால்வர் தன் கேள்வியோடு வாசகரின் ஐபி முகவரியில் ஒரு பகுதியையும் சேர்த்து அனுப்பும் முறை 2016-இல் ஆர்எஃப்சி 7871 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்தது. ஆனால் அதில் வாசகரின் அந்தரங்கம் கொஞ்சம் வெளியே போகிறது, ரிசால்வரின் கேஷும் துண்டு துண்டாகிறது. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் இந்த இழுபறியில்தான் இருக்கிறார்கள்.