பள்ளிக்குப் பணம் கட்டும் முன் அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் எந்தத் தனியார் பள்ளியில் போய் ‘அங்கீகாரம் இருக்கிறதா’ என்று கேட்டாலும் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். அதைக் கேட்டுக்கொண்டு பணம் கட்டிவிடாதீர்கள். அங்கீகாரம் ஓர் அரசு ஆணையாக, தாளில் இருக்கும். அந்தத் தாளில் மூன்று விவரங்களைப் பார்க்க வேண்டும்: எந்த முகவரிக்கு, எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்தத் தேதி வரை. மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் உங்கள் பிள்ளை உட்காரப்போகும் வகுப்புக்கு அங்கீகாரம் இல்லை.

அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துவது குற்றம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அதற்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் அபராதம் நிர்வாகத்துக்கு. ஆண்டை இழப்பது பிள்ளை. அதனால் சேர்க்கைக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஆணையைக் கேட்டு வாங்குங்கள்

சேர்க்கை விண்ணப்பம் வாங்கும்போதே ‘கடைசியாக வந்த தொடர் அங்கீகார ஆணையின் நகலைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். ‘தொடர் அங்கீகாரம்’ என்ற சொல் முக்கியம். புதுப் பள்ளிக்கு முதலில் தற்காலிகமாக, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் அங்கீகாரம் தருவார்கள். பிறகு கெடு முடியும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முந்தைய முதல் ஆணையாக இருக்கும். அதன் கெடு எப்போதோ முடிந்திருக்கலாம்.

ஆணை ‘செயல்முறைகள்’ என்ற தலைப்போடு, ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), நாள், அலுவலரின் பதவிப் பெயர் ஆகியவற்றோடு இருக்கும். 2022இல் கல்வித் துறையை மாற்றி அமைத்த பிறகு தனியார் பள்ளிகளுக்கென்று தனி இயக்ககமும், மாவட்டங்களில் ‘மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்)’ என்ற பதவியும் வந்தன. விவரம் கேட்க வேண்டிய அலுவலகம் அதுதான். ந.க. எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்டு போனால் அலுவலகத்தில் தேடுவது எளிது. பள்ளிப் பெயரை மட்டும் சொன்னால் ஒரே பெயரில் நாலு பள்ளி இருக்கும்.

முகவரியைக் கவனமாகப் படியுங்கள். ஒரே அறக்கட்டளை மூன்று இடங்களில் வளாகம் வைத்திருக்கும். ஆணை பழைய வளாகத்துக்கு மட்டும் இருக்கும். ‘கிளைதானே, எல்லாம் ஒரே நிர்வாகம்’ என்ற விளக்கம் போதாது. உங்கள் பிள்ளை போகும் தெருவும் புல எண்ணும் ஏதேனும் ஓர் ஆணையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வகுப்பு. நர்சரி பிரைமரி பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்பு வரைதான். அனுமதி வாங்காமலே ஆறு, ஏழு என்று மேலே ஏறிக்கொண்டு போகும் பள்ளிகள் உண்டு. ஆண்டுக்கொரு வகுப்பு கூடும். தரம் உயர்த்தும் விண்ணப்பம் எங்கோ நிலுவையில் நிற்கும். எட்டாம் வகுப்பு வரை யாருக்கும் எதுவும் தெரியாது. ஒன்பதில்தான் வெளிப்படும்: பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப அந்தப் பள்ளிக்கு வழியில்லை. உடனே பிள்ளையின் பெயரை வேறொரு பள்ளியில் ஏற்றிவிடுவார்கள். ஹால் டிக்கெட்டிலும் மதிப்பெண் சான்றிதழிலும் அவன் ஒரு நாளும் போகாத பள்ளியின் பெயர் வரும். வருகைப் பதிவு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் பொய்யாகிவிடும். பிற்பாடு சான்றிதழ் சரிபார்ப்பில் ஒருவர் ‘எங்கே படித்தாய்’ என்று கேட்டால் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும்.

‘ஃபைல் போயிருக்கிறது’ என்று சொன்னால்

இந்தப் பதிலைக் கேட்டதும் கெட்ட பள்ளி என்று முடிவுகட்ட வேண்டாம். ஒழுங்காக நடக்கும் பள்ளிகளுக்கும் புதுப்பித்தல் தாமதமாவது உண்டு. ஆனால் புதுப்பித்தல் நிலுவையில் இருப்பதும் அங்கீகாரமே வாங்காமல் இருப்பதும் ஒன்றல்ல. முந்தைய ஆணையின் நகலும், புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான ஒப்புகையும் இரண்டும் கையில் இருந்தால் முதல் வகை. ஒன்றுகூட இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

விண்ணப்பம் ஏன் நிற்கிறது என்றும் கேளுங்கள். புதுப்பிக்க நான்கு சான்றுகள் வேண்டும்: கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. ஒன்றைப் புதுப்பிப்பதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். தாமதத்துக்கு இது ஒரு காரணம். அது சில மாதங்களில் சரியாகும். கட்டட வரைபட அனுமதி இல்லை, நிலம் போதவில்லை என்பது காரணமென்றால் ஆண்டுக் கணக்கில் இழுக்கும். 2004இல் வகுத்த நில அளவு விதிப்படி மாநகராட்சிப் பகுதியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இருக்கிற இடத்தில் நிலத்தை நீட்டிவிட முடியாது என்பதால் இந்தக் குறை எளிதில் தீராது.

இந்தச் சான்றுகளை வெறும் காகிதச் சடங்கு என்று நினைக்காதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். கூரை வேய்ந்த வகுப்பறை, அருகிலேயே சமையல், குறுகிய படிக்கட்டு. இன்றைய கெடுபிடிகளில் பல அந்தச் சாம்பலிலிருந்து வந்தவை. அதனால் சான்றைப் பார்த்ததோடு நிற்காமல் கட்டடத்தையும் ஒரு சுற்று பாருங்கள். மாடி வகுப்புகளுக்கு இரண்டு படிக்கட்டு இருக்கிறதா, இரண்டாவது பூட்டிக் கிடக்கிறதா, மொட்டைமாடியில் தகரமோ ஓலையோ போட்டு வகுப்பு நடக்கிறதா, சமையலறை வகுப்புகளிலிருந்து விலகியிருக்கிறதா, ஜன்னல் கம்பிகள் வெளியேற வழியில்லாமல் அடைத்திருக்கின்றனவா. பள்ளி நடக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். விடுமுறை நாளில் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும்.

இணையத்தில் பார்ப்பது, அதிலுள்ள பொறி

மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்புத் தளமான யூடைஸ் பிளஸில் ‘நோ யுவர் ஸ்கூல்’ பகுதியில் பள்ளியின் பெயரையோ 11 இலக்க யூடைஸ் எண்ணையோ கொடுத்துத் தேடலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33இல் தொடங்கும். ‘எங்களுக்கு யூடைஸ் எண் இருக்கிறது, ஆகவே அங்கீகாரம் இருக்கிறது’ என்று சொன்னால் ஏற்காதீர்கள். அந்தக் கணக்கெடுப்பில் அங்கீகாரமில்லாப் பள்ளிகளுக்கும் எண் உண்டு. பார்க்க வேண்டியது ‘நிர்வாக வகை’ என்ற கட்டம். அங்கே ‘அங்கீகாரமற்றது’ என்று இருக்கலாம். கீழ் வகுப்பு, மேல் வகுப்பு கட்டங்களையும் ஆணையோடு ஒப்பிடுங்கள்.

சிபிஎஸ்இ என்றால் இரண்டு தாள் வேண்டும்: மாநில அரசின் அங்கீகாரம், வாரியத்தின் இணைப்பு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்பது தவறு. ‘சிபிஎஸ்இ பாடத்திட்டம்’, ‘சிபிஎஸ்இ முறை’ என்று பலகையில் எழுதியிருந்தால் இணைப்பு இல்லை என்றே வைத்துக்கொண்டு விசாரியுங்கள். இணைப்பு உள்ள பள்ளி அதன் எண்ணையும் எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு அந்த எண் 19இல் தொடங்கும். வாரியத்தின் ‘சரஸ்’ தளத்தில் எண்ணைப் போட்டால் முகவரி, இணைப்பு நிலை, எந்த ஆண்டு வரை என்பது வரும். இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. இணைப்புப் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் ‘கட்டாயப் பொது வெளியீடு’ என்ற பக்கத்தை வைத்தாக வேண்டும். இணைப்புக் கடிதம், மாநிலத் தடையின்மைச் சான்று, அங்கீகாரச் சான்று, கட்டட, தீயணைப்புச் சான்றுகள் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். பக்கம் இருக்கும், இணைப்பை அழுத்தினால் கோப்பு திறக்காது. அல்லது 2017ஆம் ஆண்டுத் தாள் வரும். அந்த இரண்டையுமே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் ‘இன்டர்நேஷனல்’, ‘குளோபல்’ என்று இருப்பதற்கு எந்தச் சட்டப் பொருளும் கிடையாது.

ஆன்லைன் பள்ளிகள்

இங்கேதான் குழப்பம் அதிகம். கல்வி உரிமைச் சட்டம் அங்கீகாரத்துக்குக் கட்டடம், கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், ஆசிரியர் எண்ணிக்கை என்று அளவுகோல் வைத்திருக்கிறது. சிபிஎஸ்இயும் நிலமும் கட்டடமும் இல்லாமல் இணைப்புத் தராது. திரையில் மட்டும் நடக்கும் தனியார் நிறுவனம் இந்த அளவுகோலுக்குள் வராது. எனவே ‘நாங்கள் அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் சிபிஎஸ்இ பள்ளி’ என்ற விளம்பரத்தைக் கண்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும்?

நேர்மையான பதில் பெரும்பாலும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது நியோஸ், என்றுதான் வரும். அல்லது மாநிலத் தேர்வில் தனித்தேர்வர், அல்லது கேம்பிரிட்ஜ் தேர்வில் தனித்தேர்வர். அப்படியென்றால் ஆன்லைன் நிறுவனம் பயிற்சி தருகிறது, சான்றிதழ் தருபவர் வேறு. அதில் தவறில்லை, கட்டணத்தை அந்தக் கணக்கில் எடைபோடுங்கள். நியோஸ் பதிவை நிறுவனத்திடம் விடாமல் நீங்களே அதன் தளத்தில் செய்து, கட்டணத்தையும் நேரே கட்டி, பதிவு எண்ணை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று விட்ட இடங்களில், தேர்வுக்கு முந்தைய மாதம் பதிவே நடக்கவில்லை என்று தெரிய வந்து ஆண்டு போகும்.

நியோஸ் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குக் கீழே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையாக ஏ, பி, சி என்று அடிப்படைக் கல்வி நிலைகள் உண்டு. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரு முறை. ஒரு பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். பத்து தேறியதற்கும் பன்னிரண்டு முடித்ததற்கும் இடையே 2 ஆண்டு இடைவெளி வேண்டும். ‘ஒரே ஆண்டில் பத்தும் பன்னிரண்டும்’ என்ற விளம்பரம் இதனாலேயே பொய். கேள்விப்படாத பெயரில் ஒரு வாரியம் சான்றிதழ் தருவதாகச் சொன்னால், இந்தியப் பள்ளிக் கல்வி வாரியங்களின் கூட்டமைப்பான ‘கோப்ஸி’யின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். டெல்லி, அகில இந்திய, தேசிய என்ற சொற்கள் பெயரில் இருப்பதால் மட்டும் அது அரசு வாரியம் ஆகிவிடாது.

சின்னப் பிள்ளைகளை நாள் முழுக்கத் திரை முன் உட்கார வைக்கும் கால அட்டவணையை ஏற்காதீர்கள். 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதல் மழலையருக்கு நாளுக்கு 30 நிமிடம், எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகள், அதற்கு மேல் நான்கு வகுப்புகள் என்று சொன்னது.

பதில் கிடைக்காவிட்டால்

பள்ளி ஆணையைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். ‘இந்தப் பள்ளி நல்ல பள்ளியா’ என்று கருத்துக் கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன முகவரியில் இயங்கும் பள்ளிக்கு வழங்கிய கடைசி அங்கீகார ஆணையின் நகல், அது செல்லும் வகுப்புகள், காலாவதி நாள், நிலுவையில் விண்ணப்பம் உண்டென்றால் சுட்டிக்காட்டிய குறைகள். இந்த நான்கு வரி போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். எனவே ஜூன் சேர்க்கைக்கு மார்ச்சிலேயே அனுப்பிவிடுங்கள்.

கட்டணத்துக்கும் ஓர் ஆணை உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அது மூன்று கல்வியாண்டுகளுக்குப் பொருந்தும். அந்தத் தாளையும் கேளுங்கள். நன்கொடை கேட்பதற்கு, கேட்ட தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ரசீது யார் பெயரில் வருகிறது என்பதையும் பாருங்கள்: பள்ளியோ அறக்கட்டளையோ இல்லாமல் ஒரு தனியார் கம்பெனி பெயரில் வந்தால் பின்னால் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள், இப்போதுதான் தெரிகிறது என்றால், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள். 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க அரசுப் பள்ளி மறுக்க முடியாது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டவும் முடியாது. முதலில் பிள்ளைக்கு எமிஸ் எண், அதாவது கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய பள்ளி அதைக் ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும், அப்போதுதான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். எண்ணே இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் புதுப் பள்ளியின் தலைமையாசிரியரைப் பாருங்கள். கட்டண பாக்கியைச் சொல்லி மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைத்தாலோ, அதில் பாக்கி என்று எழுதினாலோ, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு எதிராகத் தந்த தீர்ப்பைக் குறிப்பிட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, அதே நாளில் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.