தொடர் டிஸ்க்கில் படமும் ஒலியும்: குறை டிஸ்க்கிலா, டிவியிலா?

தொலைக்காட்சித் தொடரை டிஸ்க்கில் போட்டுப் பார்க்கும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்தால் உடனே டிவியைத்தான் சந்தேகப்படுவோம். ஆனால் டிஸ்க்கிலேயே பதிந்துவிட்ட குறையை எந்த டிவியும் முழுதாக மறைக்காது. அதனால் ரிமோட்டை எடுப்பதற்கு முன் டிஸ்க்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க்கில் உள்ள ஜிபியை 133-ஆல் பெருக்கி, மொத்த நிமிடங்களால் வகுத்தால் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று தோராயமாகத் தெரியும். இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. அதில் 45 நிமிட எபிசோடு நான்கு இருந்தால் 6.3 மெகாபிட் கிடைக்கும். ஆறு என்றால் 4.2, எட்டைத் திணித்திருந்தால் 3.1. டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 படத்தைச் சுருக்கும் பழைய முறை, அதற்குத் தாராளமாக இடம் வேண்டும். நாலுக்குக் கீழே இறங்கினால் புகை, மழை, இருட்டறைச் சுவர் எல்லாம் சதுரம் சதுரமாகத் தெரியத் தொடங்கும். கூடுதல் மொழி ஒலித்தடங்களும், பேட்டி போன்ற கூடுதல் காட்சிகளும் இதே இடத்தைத்தான் பங்குபோடுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே தொடருக்கு இரண்டு பதிப்பு கிடைத்தால், அதிக டிஸ்க்குகளில் பரப்பியிருப்பதையே பெரும்பாலும் நம்பி எடுக்கலாம்.

ப்ளூ-ரேயில் இடப் பஞ்சம் குறைவு: 50 ஜிபி டிஸ்க்கில் அதே ஆறு எபிசோடுக்கு 24 மெகாபிட் வரை கிடைக்கும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, மூலப் பிரதி என்ன என்பதுதான். பழைய தொடர்கள் பல ஃபிலிமில் எடுக்கப்பட்டாலும் எடிட்டிங் நடந்தது வீடியோ டேப்பில். டேப்பிலிருந்து பெரிதாக்கினால் 1080 வரி இருந்தாலும் விவரம் டிவிடி அளவுக்குத்தான் இருக்கும். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்கு மூல ஃபிலிமையே திரும்ப ஸ்கேன் செய்து, எபிசோடுகளை மறுபடி தொகுத்து, 2012 முதல் ப்ளூ-ரேயில் கொண்டுவந்தார்கள். அந்த உழைப்பு நடந்ததா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

அடுத்து படத்தின் வடிவம். 4:3-இல் (அகலம் 4, உயரம் 3 என்ற பழைய டிவி வடிவத்தில்) எடுத்த தொடருக்கு அகல டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. பிளேயரில் டிவி வகையை 16:9 என்று வைத்து, டிவியில் படத்தை இழுத்து நிரப்பும் வசதியை நிறுத்துங்கள். முகங்கள் அகலமாகத் தெரிந்தால் படம் இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். தலையின் மேற்பகுதி அடிக்கடி வெட்டுப்பட்டால், 4:3 படத்தை 16:9 ஆக்குவதற்காக மேலும் கீழும் நறுக்கியிருக்கலாம். அது பதிப்பின் குறை.

டிவியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சினிமா அல்லது ஃபிலிம் மோடுக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்க இடையில் ஃபிரேம்களைச் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேனையும் அணையுங்கள். படத்தின் துகள்களைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டாம். ஷார்ப்னஸை, எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடு மறையும் வரை குறையுங்கள். மஞ்சள் முனை வயரில் இணைத்திருந்தால் எச்டிஎம்ஐக்கு மாறுங்கள். மற்ற எல்லா மாற்றத்தையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. ப்ளூ-ரே பிளேயரில் 24பி வெளியீட்டை (நொடிக்கு 24 ஃபிரேம், ஃபிலிமின் வேகம்) ஆன் செய்யுங்கள்.

இனி சோதனை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முகம் தெரியும் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்திப் பாருங்கள். கன்னத்தில் மயிர்க்கால்களும் ஃபிலிமின் நுண்மணல் போன்ற துகள்களும் தெரிந்தால் நல்ல பிரதி. தோல் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக இருந்தால், டிவியின் நாய்ஸ் ரிடக்‌ஷன் அணைந்திருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள். அணைந்திருந்தும் அப்படியே இருந்தால் துகளை நீக்குகிறோம் என்று டிஸ்க் தயாரிப்பிலேயே விவரத்தையும் துடைத்திருக்கிறார்கள். கேமரா பக்கவாட்டில் நகரும்போது விளிம்புகளில் சீப்புப் பல் போலக் கோடுகள் வந்தால் அது படத்தை ஒன்றுவிட்ட வரிகளாக இரு பாதியாக அனுப்பும் இன்டர்லேஸ் முறையின் பிரச்சினை. பிளேயரில், முழுப் படமாக அனுப்பும் புரோகிரசிவ் வெளியீட்டை மாற்றிப் பாருங்கள். வேறொரு பிளேயரிலும் அதே இடத்தில் வந்தால் டிஸ்க்கிலேயே பதிந்துவிட்டது.

ஒலியில் அடிக்கடி வரும் புகார், வசனம் அமுங்கி இசை மட்டும் முழங்குகிறது என்பது. ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமான 5.1 தடத்தில் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கருக்குத்தான் போகும். உங்களிடம் இரண்டு ஸ்பீக்கர் மட்டுமே இருந்தால் மெனுவில் 2.0 (ஸ்டீரியோ) தடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீரியோவில் உருவான பழைய தொடருக்குப் பிறகு ஒட்டிய 5.1-ஐவிட அசல் 2.0 பல நேரம் தெளிவாகவே இருக்கும். சென்டர் ஸ்பீக்கர் இருப்பவர்கள் அதை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் உயர்த்தினால் போதும். இரவில் பார்ப்பவர்களுக்கு நைட் மோட் உதவும்; மற்ற நேரங்களில் அது ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிடும். ப்ளூ-ரே பிளேயரில், மெனு ஒலி போன்றவற்றைக் கலக்கும் 'செகண்டரி ஆடியோ' ஆனில் இருந்தால், தரம் இழக்காமல் பதிந்த தடம் சாதாரண டால்பியாகவோ டிடிஎஸ் ஆகவோ குறைந்து, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குப் போகக்கூடும், ஆஃப் செய்யுங்கள்.

24 ஃபிரேம் ஃபிலிமில் எடுத்த தொடர், பால் (PAL, இந்தியா, ஐரோப்பா போன்ற இடங்களின் டிவி முறை) டிவிடியில் பெரும்பாலும் 25 ஃபிரேமாக ஓடும். சுமார் 4 சதவீதம் வேகம் கூடுவதால் 45 நிமிடம் 43 நிமிடத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கும். ஒலியைத் திருத்தாவிட்டால் குரலும் லேசாகக் கீச்சிடும். எந்த செட்டிங்கும் இதற்கு மருந்தாகாது.

உதடும் வசனமும் பொருந்தாவிட்டால், 'ப', 'ம' போன்ற, உதடு ஒட்டிப் பிரியும் ஒலிகளைக் கவனியுங்கள். உதடு மூடும் முன்பே ஒலி கேட்டால் டிவி படத்தைத் தயார் செய்ய நேரம் எடுக்கிறது. ஒலியைத் தாமதப்படுத்தும் ஆடியோ டிலேயை ஒவ்வொரு முறையும் 20 மில்லிசெகண்ட் வீதம் கூட்டிக்கொண்டே போங்கள். எபிசோடு நகர நகர இடைவெளி பெருகினாலோ, ஒரே ஒரு எபிசோடில் மட்டும் இருந்தாலோ, செட்டிங்ஸைத் தொடாமல் டிஸ்க்கை மாற்றித் தரும்படி கேளுங்கள்.