குப்பைமேனியை லேப்ல டெஸ்ட் பண்றது எப்படி? முதல் தடவை பண்றவங்களுக்கு

குப்பைமேனி தெரியும்ல, சொறி சிரங்குக்கு அரைச்சுப் பூசுற அதே செடிதான், பூனைவணங்கின்னும் ஒரு பேரு இருக்கு, வேரைப் பிடுங்கிப் போட்டா பூனை வந்து அது மேல உருண்டு புரளும். இதுக்குள்ள என்ன சரக்கு இருக்கு, சொல்ற அளவுக்கு வேலை செய்யுதான்னு ஒரு சாதாரண காலேஜ் லேப்லயே ஓரளவு பார்த்துடலாம். வேற காட்டுச் செடியா இருந்தாலும் வழி இதேதான்.

ஸ்டெப் 1: செடி அதுதானான்னு பாருங்க

எல்லாரும் தாண்டிப் போற இடம் இது. இலையை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. பெண் பூவைச் சுத்தி, ஓரம் பல்லு பல்லா இருக்கிற சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு செதில் இருக்கும், அதைப் பார்த்தா குப்பைமேனி. பூ, காய், வேரோட ஒரு முழுச் செடியை பேப்பருக்கு நடுவுல அழுத்திக் காய வச்சு, எங்க எப்போ பறிச்சதுன்னு எழுதி, தாவரவியல் தெரிஞ்சவர்கிட்ட காட்டி ஹெர்பேரியம் (காஞ்ச செடிகளைப் பாதுகாத்து வைக்கிற இடம்) நம்பர் வாங்கிடுங்க. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா அந்த ஷீட்தான் சாட்சி.

ஸ்டெப் 2: நிழல்ல காய வைங்க

வெயில்ல வேண்டாம். மெல்லிசா பரப்பி தினம் திருப்பி விட்டா ஒரு வாரம், பத்து நாள்ல நொறுங்குற பதம் வந்துடும். பூஞ்சை பிடிச்சா மொத்தமா தூக்கிப் போடுங்க, அதை மட்டும் கிள்ளி எடுத்துட்டு மிச்சத்தை வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. அப்புறம் மிக்சியில பொடி.

ஸ்டெப் 3: எக்ஸ்ட்ராக்ட் (செடியோட சாறு) எடுக்கிறது

50 கிராம் பொடி, 500 மில்லி 70% எத்தனால், மூடி வச்சு 3 நாள், அப்பப்போ குலுக்கணும். முதல்ல துணியில வடிச்சு, அப்புறம் வாட்மேன் நம்பர் 1 பேப்பர்ல வடிச்சு, ரோட்டரி எவாப்பரேட்டர்ல (காத்தழுத்தத்தைக் குறைச்சு, சுத்த விட்டு ஆவியாக்குற மெஷின்) 40 டிகிரிக்கு மேல போகாம வத்த வைங்க. அடியில கரும்பச்சையா பசை நிக்கும். அது 5 கிராம் இருந்தா ஈல்டு, அதாவது போட்ட பொடியில கிடைச்ச பங்கு, 10%. இன்னொரு பங்கு பொடியை வெறும் தண்ணியில ஊற வச்சு தனியா எடுத்து வைங்க, பின்னாடி தேவைப்படும்.

சூட்டைப் பத்தி ஏன் இவ்வளவு கவலைன்னா, சீனாவுல தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடினப்போ முதல்ல சரியான ரிசல்ட்டே வரல, பழைய வைத்திய ஏட்டுல அவங்க எடுத்த செடியை கொதிக்க வைக்காம தண்ணியில ஊற வச்சுப் பிழியச் சொல்லியிருக்கேன்னு யோசிச்சு, குறைஞ்ச சூட்டுல ஈதர் போட்டு எடுத்தாங்க, அப்புறம்தான் ஆர்ட்டிமிசினின்ங்கிற மலேரியா மருந்து கைக்கு வந்துச்சு. 2015ல நோபலும் கிடைச்சுது.

ஸ்டெப் 4: கலர் டெஸ்ட்

இங்கதான் எல்லாருக்கும் குஷி வரும், ஏமாறுறதும் இங்கதான். ஆல்கலாய்டு, ஃபிளேவனாய்டு, டேனின், சபோனின் எல்லாம் செடிக்குள்ள இருக்கிற வேதிப்பொருள் வகைகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு டெஸ்ட். ஆல்கலாய்டுக்கு எக்ஸ்ட்ராக்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கலக்கி வடிச்சு மேயர்ஸ் ரீஏஜென்ட் (டெஸ்ட் கரைசல்) விட்டா பால் கலர்ல கலங்கும், டிராகன்டார்ஃப்ங்கிற இன்னொரு கரைசல் விட்டா ஆரஞ்சா படியும். ரெண்டும் பாசிட்டிவா வந்தாத்தான் நான் நம்புவேன், ஏன்னா டிராகன்டார்ஃப் புரோட்டீனுக்கும் சில நேரம் கலர் காட்டிடும். மேயர்ஸ்ல மெர்க்குரி இருக்கு, சிங்க்ல ஊத்தாம தனி பாட்டில்ல சேர்த்து வைங்க. ஃபிளேவனாய்டுக்கு மெக்னீசியம் துண்டு போட்டு கான்சன்ட்ரேட்டட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சொட்டு சொட்டா விட்டா இளஞ்சிவப்பு வரும்.

டேனினுக்கு ஃபெரிக் குளோரைடு, நீலக்கருப்பு இல்லன்னா பச்சைக்கருப்பு வரணும். ஆனா எத்தனால் எக்ஸ்ட்ராக்ட் ஏற்கனவே பச்சை, அதுல எந்தப் பச்சையை நீங்க கண்டுபிடிப்பீங்க? அதுக்குத்தான் அந்தத் தண்ணி எக்ஸ்ட்ராக்ட்.

சபோனினுக்கு தண்ணி சேர்த்து நல்லா குலுக்கி 15 நிமிஷம் விட்டா, 1 சென்டிமீட்டர் நுரை அப்படியே நிக்கணும். நான் முதல் தடவை பண்ணப்போ நுரை பிரமாதமா நின்னுச்சு, ஃபோட்டோ எல்லாம் எடுத்து வச்சுட்டேன், பக்கத்துல சும்மா டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி வச்ச ட்யூபை ஒரு சந்தேகத்துல குலுக்கிப் பார்த்தா அதுவும் நுரைக்குது. ட்யூப் கழுவின சோப்பு சரியா போகல, அவ்வளவுதான் விஷயம். அன்னைக்குலேர்ந்து ஒவ்வொரு டெஸ்டுக்கும் எக்ஸ்ட்ராக்ட் இல்லாத ட்யூப் ஒண்ணு கண்டிப்பா வைப்பேன், நீங்களும் வைங்க.

டிஎல்சி தகடு (கலவையில இருக்கிற பொருளைப் புள்ளி புள்ளியா பிரிச்சுக் காட்டுற மெல்லிசு பூச்சு போட்ட தகடு) இருந்தா ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் 7:3ல ஓட விட்டு யுவி லைட்ல பாருங்க, எத்தனை புள்ளி பிரியுதுன்னு தெரியும், பேரு தெரியாது. பேரு வேணும்னா பொருளைப் பிரிச்சு எடையை வச்சு அடையாளம் காட்டுற ஜிசி-எம்எஸ், எல்சி-எம்எஸ் மெஷின் இருக்கிற இடத்துக்கு அனுப்பணும்.

ஸ்டெப் 5: வேலை செய்யுதா?

டிபிபிஹெச் டெஸ்ட் சுலபம். டிபிபிஹெச்ங்கிற ஊதா கெமிக்கல் கரைசல்ல எக்ஸ்ட்ராக்டை விட்டு 30 நிமிஷம் இருட்டுல வச்சு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்ல (கரைசல் எவ்வளவு வெளிச்சத்தை உறிஞ்சுதுன்னு அளக்கிற மெஷின்) 517 நானோமீட்டர்ல ரீடிங் எடுங்க, ஊதா வெளிறி மஞ்சளாச்சுன்னா ஆன்டிஆக்சிடன்ட் இருக்கு. கூடவே வைட்டமின் சி வச்சு ஒப்பிடணும், எக்ஸ்ட்ராக்டோட சொந்தக் கலரைத் தனியா அளந்து கழிக்கணும். இது ட்யூபுக்குள்ள நடக்கிற வேதியியல் மட்டும்தான், இதை வச்சு உடம்புல இன்ன நோய் குணமாகும்னு எழுதிடாதீங்க.

கிருமியைக் கொல்லுதான்னு பார்க்க கிருமியைப் பரப்பின அகர் தட்டுல (கிருமி வளர்க்கிற ஜெல்லி) குழி போட்டு எக்ஸ்ட்ராக்டை விட்டு, 37 டிகிரியில 24 மணி நேரம் கழிச்சு, குழியைச் சுத்தி கிருமி வளராத வட்டத்தை ஸ்கேல் வச்சு அளக்கணும். ஒரு குழியில ஆன்டிபயாட்டிக், இன்னொண்ணுல எக்ஸ்ட்ராக்டைக் கரைச்ச சால்வென்ட் மட்டும். சால்வென்டே வட்டம் போட்டுச்சுன்னா உங்க செடிக்கு அதுல பங்கு எவ்வளவுன்னு சொல்லவே முடியாது. பாக்டீரியா வேலையை மைக்ரோபயாலஜி லேப்ல, தெரிஞ்ச ஆள் கூட இருக்கும்போது மட்டும் பண்ணுங்க.

ஸ்டெப் 6: விஷமான்னு பாருங்க

உப்புத் தண்ணியில பொரிஞ்ச ஆர்டீமியா (சின்ன இறால் மாதிரி உயிர்) குஞ்சு, ஒரு குப்பிக்கு 10, வேற வேற அளவுல எக்ஸ்ட்ராக்ட், 24 மணி நேரம் கழிச்சு எத்தனை செத்துச்சுன்னு லென்ஸ் வச்சு எண்ணணும். மில்லிக்கு 1000 மைக்ரோகிராமுக்கு உள்ளயே பாதி செத்துச்சுன்னா விஷத்தன்மை இருக்குன்னு கணக்கு. இதுல பாஸானா மனுஷனுக்கு ஆபத்தில்லைன்னு அர்த்தம் கிடையாது. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவா இருக்கிறது) இருக்கிறவங்க குப்பைமேனி சாப்பிட்டு ரத்தச் சிவப்பணு உடைஞ்சு ஆஸ்பத்திரியில சேர்ந்த கேஸ் மருத்துவ இதழ்கள்லயே வந்திருக்கு, அதை எந்த ஆர்டீமியாவும் காட்டிக் குடுக்காது. அதனால மிச்சம் இருக்கிற பசையை நாக்குல வச்சுப் பார்க்கிற வேலை வேண்டாம், தேதியோட லேபிள் ஒட்டி ஃப்ரிட்ஜ்ல வைங்க, சாப்பாடு வைக்கிற ஃப்ரிட்ஜ்ல இல்ல.