ஃப்ரீகேடில் நமக்கென்று ஒரு டூல்பார்: பட்டியலில் இல்லாத பட்டனைத் தேடி

ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில், தகடுகளில் துளை போட்டு, மேலே ஒரு எண்ணைப் பொறிக்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். ஸ்கெட்ச் (தட்டையான வரைபடம்), பேட் (அதற்குத் தடிமன் கொடுப்பது), பாக்கெட் (அதன் வடிவில் குடைந்தெடுப்பது) மூன்றும் பார்ட் டிசைன் என்ற வொர்க்பெஞ்சிலேயே இருக்கின்றன. வொர்க்பெஞ்ச் என்றால் ஒரு வகை வேலைக்கான கருவிகளின் தொகுப்பு. எழுத்துக்கான ஷேப்ஸ்ட்ரிங் மட்டும் டிராஃப்ட் வொர்க்பெஞ்சில். ஒவ்வொரு தகட்டுக்கும் அங்கே போய், பட்டனை அழுத்தி, திரும்பி வந்து... ஒரு நாள் வெறுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே டூல்பாரில் வைத்துவிட உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை, எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

1. ஜன்னலைத் திறப்பது

டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ். அதில் டூல்பார்ஸ் என்ற தாவல். இடப்பக்கம் கட்டளைகள், அவற்றுக்கு மேலே வகையைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி. வலப்பக்கம் நீங்கள் உருவாக்கும் டூல்பார்கள்.

2. எந்த வொர்க்பெஞ்சுக்கு?

வலப்பக்கத்துக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் பார்ட் டிசைனைத் தேர்ந்தெடுத்தால் அங்கே மட்டும் டூல்பார் தெரியும். குளோபலைத் தேர்ந்தெடுத்தால் எங்கே போனாலும் கூடவே வரும். எல்லாரும் முதலில் குளோபலைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், நானும் அப்படித்தான். வேண்டாம். ஒரு வாரத்தில் அது கண்டதையும் போட்டு வைக்கிற பரண் ஆகிவிடும். சேவ், அண்டூ மாதிரி எங்கேயும் தேவைப்படுகிறவை ஏற்கெனவே மேலே இருக்கின்றன.

சரி, புதிய டூல்பாருக்கான பட்டனை அழுத்திப் பெயர் கொடுங்கள். நான் 'தகடு' என்று வைத்தேன்.

3. கட்டளையைச் சேர்ப்பது (நான் விழுந்த குழி)

இடப்பக்கம் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, நடுவிலுள்ள வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினால் போதும். பேட், பாக்கெட் இரண்டும் சட்டென்று சேர்ந்தன. ஷேப்ஸ்ட்ரிங்கைத் தேடினால், கட்டளையை விடுங்கள், டிராஃப்ட் என்ற வகையே பெட்டியில் இல்லை! மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அப்போதும் இல்லை.

விஷயம் இவ்வளவுதான்: ஃப்ரீகேட் திறக்கும்போது எல்லா வொர்க்பெஞ்சையும் ஏற்றுவதில்லை. நீங்கள் ஒரு தடவை அதற்குள் போனால்தான் அதன் கட்டளைகள் நினைவகத்துக்கு வரும், இந்தப் பட்டியலிலும் வரும். ஆகவே கஸ்டமைஸ் ஜன்னலை மூடிவிட்டு டிராஃப்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். மறுபடி திறந்தால் டிராஃப்ட் வகை ஒன்றும் தெரியாத மாதிரி அங்கே உட்கார்ந்திருக்கும்.

4. வரிசை

மேல், கீழ் அம்புக்குறிகளால் இடம் மாற்றலாம். கட்டளைப் பட்டியலின் உச்சியில் செபரேட்டர் என்று ஒன்று உண்டு. அது இரண்டு பட்டன்களுக்கு நடுவே ஒரு கோடு போடும். அகர வரிசையிலோ அழகுக்காகவோ அடுக்காதீர்கள், வேலை நடக்கும் வரிசையில் அடுக்குங்கள். என்னுடையது: ஸ்கெட்ச், பேட், பாக்கெட், கோடு, ஷேப்ஸ்ட்ரிங், கோடு, ஃபில்லெட் (விளிம்பை வளைவாக்குவது). ஏழெட்டுக்கு மேல் போனால் கண் மறுபடி தேட ஆரம்பித்துவிடும்.

ஜன்னலை மூடியதும் டூல்பார் தெரியவில்லையென்றால் வேறு வொர்க்பெஞ்சுக்குப் போய்த் திரும்புங்கள். அப்படியும் வராவிட்டால் வியூ மெனுவில் டூல்பார்ஸ் பட்டியலில் அதன் பெயருக்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐகான் சின்னதாகத் தெரிந்தால் பிரிஃபரன்ஸில் அளவை மாற்றலாம். 16, 24, 32, 48 பிக்சல் என்று நான்கு அளவுகள் உண்டு. நான் 32 வைத்திருக்கிறேன். 48 வைத்தால் வரைய இடம் இருக்காது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள்.

ஒன்று, மறுநாள் திறந்தால் ஷேப்ஸ்ட்ரிங் பட்டன் மட்டும் காணோம். அதே பழைய கதைதான், டிராஃப்ட் இன்னும் ஏறவில்லை. பிரிஃபரன்ஸில் வொர்க்பெஞ்ச் பட்டியலுக்குப் போய், டிராஃப்ட் தானாக ஏறும்படி டிக் போட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் போட்டால் மென்பொருள் திறக்க நேரமாகும், தேவையானதற்கு மட்டும் போடுங்கள்.

இன்னொன்று, ஸ்கெட்ச்சைத் திறந்தவுடன் டூல்பார் மொத்தமாக மறைகிறது. பயப்பட வேண்டாம், எதுவும் அழியவில்லை. ஸ்கெட்ச்சைத் திருத்தும்போது ஃப்ரீகேட் தானே ஸ்கெட்சர் வொர்க்பெஞ்சுக்கு மாறிக்கொள்கிறது. நீங்கள் செய்ததோ பார்ட் டிசைனுக்கான டூல்பார். ஸ்கெட்ச்சை மூடினால் திரும்பி வந்துவிடும். வரையும்போதும் பட்டன்கள் வேண்டுமென்றால் ஸ்கெட்சருக்கென்று தனியாக இன்னொன்று செய்யுங்கள். நான் அதில் மூன்றே மூன்று பட்டன் வைத்திருக்கிறேன், மூன்றும் கன்ஸ்ட்ரெயின்ட் (கோடுகளின் அளவையோ நிலையையோ கட்டிப்போடும் கட்டளை).