கிராமப் பள்ளி மாடியில் முதல் தோட்டம்: ஆடியில் தொடங்க ஒரு செய்முறை

சென்னையை ஒட்டிய திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில், தரையிலேயே இடம் கிடக்கும்போது மாடி எதற்கு என்று தலைமையாசிரியர்கள் கேட்பதுண்டு. ஊரில் ஆடு மாடு ஏறாத ஒரே இடம் அதுதான் என்பதே என் பதில்.

முதலில் தளம்

செடிக்கு முன் தளத்தைப் பாருங்கள். ஓட்டுக் கூரையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் இந்த வேலையே கூடாது. கான்கிரீட் தளமானாலும், வகுப்பறையின் உட்கூரையில் ஓதமோ, காரை பெயர்ந்து கம்பி தெரிவதோ இருந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். தளம் நன்றாகவே தெரிந்தாலும் பொறியாளர் ஒருவரிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். செடி வளர்க்கும் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்தரமும் தாங்கும் கோட்டில் வரிசையாக வையுங்கள். ஆனால் கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளியே வைக்க வேண்டும். ஒட்டி வைத்தால் பிள்ளைகள் பையின் மேல் ஏறிக் கீழே எட்டிப் பார்ப்பார்கள்.

மழைநீர்க் குழாயின் வாய்க்கு வலை கட்டுவதை மறக்காதீர்கள். நான் உடனிருந்து அமைத்த ஒரு தோட்டத்தில் இதை மறந்தோம். ஐப்பசியின் முதல் பெருமழையில் பைகளிலிருந்த தென்னை நார்க்கழிவு அடித்துச் செல்லப்பட்டுக் குழாயை அடைத்துவிட, மறுநாள் காலை மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

கலவையும் விதைப்பும்

செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம பங்காக எடுத்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேருங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால், ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். பையின் அடிப்பகுதியில் துளையிட்டு, மேலே இரண்டு அங்குலம் காலியாக விட்டு, செங்கல் மீது வைத்தால் தளம் உலர்ந்திருக்கும்.

பத்துப் பைகள் போதும். கத்தரியையும் தக்காளியையும் அடுத்த முறைக்கு விட்டுவிட்டு, ஆடிப்பட்டத்தில் சிறுகீரையும் வெண்டையும் போடுங்கள். கீரை 25 முதல் 30 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பிள்ளைகளின் பொறுமை அதற்குமேல் தாங்காது. விதை பொடியாக இருப்பதால் மணலுடன் கலந்து தூவி, மெல்லிய மண்ணால் மூடி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். அப்படியும் எறும்புகள் விதையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகச் செல்லும். அவற்றை உடனே விரட்டாமல், எந்தப் பையிலிருந்து எங்கே போகின்றன என்று பிள்ளைகளை ஒரு பாடவேளை பார்க்கச் சொல்லுங்கள். மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும். அறுத்த கீரையைச் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுத்து, அங்கிருந்து காய்கறித் தோலை உரக்குழிக்கு வாங்கிக்கொள்ளலாம்.

குறிப்பேடு

என் அனுபவத்தில், குறிப்பேடு இல்லாத பள்ளித் தோட்டம் தண்ணீர் ஊற்றும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. மதியம் இரண்டு மணிக்கு வெறும் தளத்திலும் கீரைப் பையின் நிழலிலும் வெப்பமானியை வைத்து, இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், நேரான பக்கங்கள் கொண்ட பாட்டிலைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலையில் அளவுகோலால் அளக்கச் செய்யுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால், 60 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர் வரும். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே போட்டுவிட்டு, அவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று கேட்பார்கள். அன்றே அவர்களைக் குழாயோடு கீழே இறக்கி, அது தொட்டியில் சேர்கிறதா, தெருவில் ஓடுகிறதா என்று காட்டிவிடுங்கள்.

கோடை விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று கவலைப்பட வேண்டாம். ஆண்டுத் தேர்வுக்கு முன்பே எல்லாவற்றையும் அறுவடை செய்துவிட்டு, பைகளைக் காய்ந்த இலைகளால் மூடி நிழலில் வையுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் கலவையைக் கொட்டிக் கிளறி, கால் பங்கு புதிய தொழுவுரம் சேர்த்தால் அடுத்த ஆடிக்கு அதே பைகள் தயார்.