ஆறடி மீன்தொட்டி வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

சிங்கப்பூரில், யீஷூனில் ஐந்தறை வீட்டில் இருக்கும் என் மச்சான், அரோவானா வளர்க்க ஆறடித் தொட்டி வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, எந்தச் சுவர் ஓரமாக என்பதுதான். ஹாலின் நடுவில், சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் தடுப்பு மாதிரி வைக்கத் திட்டம் போட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் தரைக்கு அதைவிட மோசமான இடம் அந்த வீட்டில் கிடையாது.

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர், ஒரு லிட்டர் ஒரு கிலோ. 180, 60, 60 என்றால் 648. மேலே கொஞ்சம் இடம் விட்டு ஊற்றினால் 600 கிலோ தண்ணீர். 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ, இந்த அளவுத் தொட்டிக்கு ஏறக்குறைய நாலு சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும், அது 120. ஸ்டாண்டு 70, கல்லும் மணலும் 50, கீழே சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டும் அடித்தொட்டி, வைத்தால் இன்னொரு 100. ஆக 940 கிலோ, சின்னக் கார் ஒன்று ஹாலில் நிற்பது போல.

அது நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டர்தான். இங்கே குடியிருப்பு அறைகளின் தளத்தை, ஆட்கள், மேசை நாற்காலி எல்லாம் சேர்த்து, பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். 940-ஐயும் 150-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயம் வரும். சிலர் அந்தப் பயத்தில் ஆசையையே விட்டுவிடுகிறார்கள், வேறு சிலர் நேர்மாறாக, மூணு மீட்டருக்கு நாலு மீட்டர் அறை, 12 சதுர மீட்டர், 150-ஆல் பெருக்கினால் 1800 கிலோ, அப்புறம் என்ன பிரச்சினை என்கிறார்கள். இரண்டுமே அரைக்கணக்கு. அந்த 1800 கிலோ அறை முழுக்கப் பரவி இருக்கும்போது பொருந்தும் எண். அதே எடை ஸ்லாபின் நடுவில் ஒரே இடத்தில் குவிந்தால் ஸ்லாப் வளைவது மிகவும் அதிகம், ஓரத்தில் பீமுக்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பகுதி நேராகப் பீமுக்கும் தூணுக்கும் இறங்கிவிடும். அதனால் எத்தனை கிலோ என்பதோடு எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம்.

தீபாவளிக்கு இருபது பேர் வந்து நின்றபோது தாங்கியதே என்பார்கள். அவர்கள் இரவு வீட்டுக்குப் போய்விட்டார்கள், தொட்டியோ பத்து வருடம் அங்கேயே நிற்கும். விடாமல் அழுத்தும் எடைக்குக் கான்கிரீட் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டே போகும், இது கான்கிரீட்டின் குணம்.

பீம் எங்கே என்று கண்டுபிடிக்க அண்ணாந்து பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளில் மாடிக்கு மாடி ஒரே அமைப்புதான் என்பதால், உங்கள் கூரையில் எந்த வரிசையில் பீம் இறங்கித் தெரிகிறதோ, பெரும்பாலும் அதே வரிசையில் உங்கள் காலுக்கு அடியிலும் ஒன்று ஓடும். ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் தெரியாது. அப்போது வீவகவிடம் வீட்டு வரைபடத்தை வாங்கிப் பாருங்கள், தாங்கும் சுவர் எது, வெறும் தடுப்புச் சுவர் எது என்று புரியும். இரண்டு பீம் சேரும் மூலை கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பாம் ஷெல்ட்டர் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) இருக்கும் வீடு என்றால் அதன் சுவரை ஒட்டிய இடமும் நல்லது, தடித்த கான்கிரீட் சுவர், மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. பால்கனி மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டாம் மாடி, கீழே வாய்ட் டெக், வீடில்லாத திறந்த தரைத்தளம்தானே என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: கீழே ஆள் இல்லை என்றாலும் உங்கள் தளம் மண்ணில் உட்காராத தொங்கும் தளம்தான். லிட்டில் இந்தியா பக்கம் பழைய கடைவீட்டு மாடி என்றால் பலகைத் தரையாக இருக்கலாம், அங்கே இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, பொறியாளரைத்தான் கூப்பிட வேண்டும்.

பழைய டைல்ஸுக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருந்தால் அந்த எடையையும் சேருங்கள். ஒரு சென்டிமீட்டர் சிமெண்ட் பூச்சே சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வீவக சொல்வது இதனால்தான். தொட்டி வரும் இடத்தில் காசால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் கேட்டால் அந்த டைல்ஸை முதலில் மாற்றுங்கள். நாலு கால் ஸ்டாண்டை விட அடிப்பாகம் முழுக்கத் தரையில் உட்காரும் கேபினட் நல்லது. அடியில் பிளைவுட் போடுவது டைல்ஸைக் காக்கும், ஸ்லாபைக் காக்காது. பக்கத்திலேயே புத்தகம் நிறைந்த அலமாரியை நிறுத்தாதீர்கள்.

நான் வைத்திருக்கும் எல்லை இது: நாலடித் தொட்டி, அதாவது எல்லாம் சேர்த்து 350 கிலோ அளவு என்றால், கான்கிரீட் தளத்தில் பீம் ஓரமாக வைக்கத் தயங்க மாட்டேன். ஐந்தடியைத் தொட்டால், பதிவு பெற்ற பிஇ (நிபுணத்துவப் பொறியாளர்) ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்காமல் வாங்க மாட்டேன். தொட்டி விற்பவரோ ரெனவேஷன் கான்ட்ராக்டரோ 'எல்லாம் தாங்கும்' என்று சொல்வது பதில் ஆகாது. கீழ்வீட்டில் ஒரு குடும்பம் தூங்குகிறது.

சரி, எல்லாம் ஒத்துவந்து தொட்டியும் வந்துவிட்டது என்றால் ஒரே நாளில் நிரப்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, ரசமட்டம் வைத்து நாலு மூலையையும் பார்த்து, ஓர் இரவு விட்டு மறுநாள் மீண்டும் பாருங்கள். முழுதும் நிரம்பிய பின் கண்ணாடியில் தண்ணீர் நிற்கும் கோட்டை இரண்டு ஓரத்திலும் ஒரே நேரத்தில் பேனாவால் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை, ஒரு ஓரத்துக் கோடு வரை தண்ணீர் ஊற்றி மறு ஓரத்தைப் பாருங்கள். அது கோட்டோடு ஒத்துப்போகாமல் விலக ஆரம்பித்தாலோ, டைல்ஸ் இடுக்கில் புது விரிசல் தெரிந்தாலோ, அன்றைக்கே தண்ணீரை இறக்கிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதற்குக் குளியலறை வரை எட்டும் நீளத்தில் ஒரு குழாய் எப்போதும் கேபினட்டுக்குள் இருக்கட்டும்.